துரை வந்த புரட்டாசி

செப்டம்பர் 14, ஞாயிறு

தாரணி வந்திருக்கிறாள். ஒரு சூட்கேஸ், வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு, இடது கையில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா. ஆட்டோக்காரர் சூட்கேஸை இறக்கி வைத்தார். டப்பாவைத் தொட மாட்டேன் என்று தள்ளி நின்றுகொண்டார். உள்ளே பாம்பு.

கல்யாணமான நாலாம் மாதம் மகள் தனியாக வந்து இறங்கினால் தாய்க்காரி என்னென்ன கேட்பாளோ அத்தனையும் கேட்டேன். மாப்பிள்ளை வரவில்லையா? வேலையாம். சண்டையா? இல்லையாம். கை? பாத்ரூமில் வழுக்கி விழுந்தாளாம். இப்போதெல்லாம் டைல்ஸைக் கண்ணாடி மாதிரி போட்டு வைக்கிறார்கள், விழாமல் என்ன செய்வார்கள். எத்தனை நாள் இருப்பாய் என்றதற்கு மட்டும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பாம்பு, மாப்பிள்ளை மிதுன் ஆசைப்பட்டு வாங்கியது. கார்ன் ஸ்நேக் என்று பெயராம். வெளிநாட்டு வகை, விஷம் கிடையாது, வளர்ப்பதற்கு முறையாகப் பதிவு செய்திருக்கிறார்களாம். குட்டி. சுடிதார் நாடா அளவுதான் பருமன். ஆரஞ்சு நிறத்தில் சிவப்புத் திட்டுகள். சேலையாக இருந்தால் நன்றாக விலைபோகும்.

"அவரு பாம்ப எதுக்குடி நீ தூக்கிட்டு வந்த?"

"உட்டுட்டு வந்தா செத்துரும்மா."

அவ்வளவுதான் பேச்சு. நான் வேலை செய்யும் ஜவுளிக்கடையில் வருடா வருடம் கொடுக்கும் டைரியில் இதுவரை பால் கணக்குதான் எழுதியிருக்கிறேன். தாரணி அப்பா காலமான பிறகு, வீட்டில் பேச ஆளில்லாமல் இந்த வருடம் இப்படி எழுதப் பழகிவிட்டது. இப்போது ஆள் வந்திருக்கிறது, பேச்சு வரவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

பரணிலிருந்து தாரணி அப்பாவுடைய பழைய மீன் தொட்டியை இறக்கினேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பகலெல்லாம் கடையில் நின்றபடி சேலை விரித்துப் போட்டுவிட்டு வந்து, ஸ்டூல் மேல் ஏறிப் பரண் குடைய வேண்டியிருக்கிறது. தொட்டியை அப்படியே வைக்கக் கூடாதாம், படுக்க வைக்க வேண்டுமாம். திறப்பு மேலே இருந்தால் நம் கை மேலிருந்து வரும், பாம்புக்கு அது ஆகாது என்றாள். படுக்க வைத்து, திறப்பில் கொசுவலைக் கம்பி அடித்த சட்டத்தை மாட்டினோம். ஹாலில் ஜன்னல் மூலையில் இருக்கிறது. அடியில் ஒரு பக்கம் மட்டும் சூடு தரும் விரிப்பு, இன்னொரு பக்கம் தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ள இரண்டு அட்டைப் பெட்டி. எனக்குக் கல்யாணமானபோது கூட எனக்கென்று இத்தனை வசதி யாரும் செய்து தரவில்லை.

நான் அந்தப் பக்கம் போனாலே உடம்பைச் சுருட்டி, கழுத்தை வளைத்துத் தூக்கி நிற்கிறது. வால் நுனியை நியூஸ் பேப்பரில் படபடவென்று அடிக்கிறது. நான் துடைப்பத்தோடு குனிந்தேன், கண்ணாடியில் வந்து முட்டியது. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். இங்கே பாம்புதான் நடுங்குகிறது.

மாப்பிள்ளை வைத்த பெயர் பில்லாவாம். தாரணி அந்தப் பெயரைச் சொல்வதில்லை. நான் துரை என்று வைத்துவிட்டேன். துரைக்குத்தானே இத்தனை உபசாரம்.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி ஒன்று. முட்டை கூட வீட்டுக்குள் சேர்க்காத மாதம். ஃப்ரீசரில், ஐஸ்கிரீம் டப்பாவுக்குள், துரையின் சாப்பாட்டுக்குப் பத்து எலிக்குஞ்சு. பெருமாளே, நீயும் பாம்பின் மேல்தானே படுத்திருக்கிறாய், பார்த்துக்கொள்.

செப்டம்பர் 20, சனி

தாரணிக்கு ஒரு கைதான் என்பதால் துரையின் வேலை எல்லாம் என் தலையில் விழுந்திருக்கிறது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்வாள், நான் செய்வேன். முதல் பாடம், ஒன்றும் செய்யாமல் இருப்பது. ஒரு வாரம் தொடவே கூடாதாம். எட்டிப் பார்க்கக் கூடாது. தொட்டிக்கு மூன்று பக்கமும் துணி போட்டு மூடியாயிற்று.

எனக்கு இது வரவே மாட்டேன் என்கிறது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்காமல் ஒரு உயிரை எப்படி வீட்டில் வைத்துக்கொள்வது? காலையில் மூன்று தடவை துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டேன்.

"அம்மா, நீ பாக்கறது அதுக்கு அக்கறைன்னு தெரியாதும்மா. திங்க வந்துருக்கறாங்கன்னுதான் தெரியும்."

"நானா? இதையா? புரட்டாசிலயா?"

சிரித்தாள். வந்து ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு. உடனே கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

நான் உடுத்திக் களைந்த சேலையில் ஒரு துண்டு கிழித்து, துவைக்காமல் தொட்டிக்குள் போடச் சொன்னாள். என் வாசனை அதற்குப் பழக வேண்டுமாம். வியர்வையும் கடையின் கஞ்சி வாடையுமாக ஒரு துண்டு போட்டேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

துரை என் சேலைத் துண்டுக்கு அடியில் போய்ப் படுத்திருக்கிறது. பைத்தியக்காரத்தனமாக ஒரு பெருமை.

காலையில் தாரணி அடுப்பின் முன்னால் நின்றிருந்தாள். அவள் தலைக்கு மேல் அலமாரியில் இருந்த சாம்பார் பொடி டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினேன். பட்டென்று குனிந்து, கட்டுப்போட்ட கையால் தலையை மறைத்துக்கொண்டாள். டப்பாவைத்தான் எடுத்தேன் என்று காட்டினேன். "சாரிம்மா, சாரிம்மா" என்று இரண்டு தடவை சொன்னாள். எதற்குச் சாரி? உடம்பு பலவீனமாக இருக்கும்போது அப்படித்தான் சின்ன விஷயத்துக்கெல்லாம் தூக்கிவாரிப் போடும். இரும்புச்சத்து குறைவாக இருக்கலாம். முருங்கைக்கீரை வாங்கி வந்தேன்.

எட்டு வயதில் பக்கத்து வீட்டு மதிலிலிருந்து குதித்துக் கால் ஒடித்துக்கொண்ட பெண் இவள்.

செப்டம்பர் 25, வியாழன்

துரை சாப்பிட்டது! எலிக்குஞ்சை வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, இடுக்கியில் பிடித்து நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நீட்டினேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது. குளித்துவிட்டுத்தான் சாமி விளக்கு ஏற்றினேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

தண்டபாணி அண்ணன் வந்தார். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர் அவர்தான். தொட்டியைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

"ஏ அம்மிணி, வேலில போற ஓணான எடுத்து மடில கட்டிக்கிட்ட கதையா இருக்குதே. மாப்ள பாம்ப மாப்ள ஊட்ல உடாம இதென்ன கூத்து?"

வந்த விஷயம் வேறு. தலை தீபாவளி வருகிறது. முறைப்படி நாம்தான் தட்டம் எடுத்துக்கொண்டு போய் மாப்பிள்ளையை அழைக்க வேண்டும். வந்து குளித்து, புதுத்துணி உடுத்தி, விருந்து சாப்பிட்டுவிட்டுப் போகும்போது தாரணியையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

"நாலு பாத்திரம் இருந்தா சத்தம் வரத்தாஞ் செய்யும். நீ அழைக்காம உட்டைனு வையி, பொறவு பொண்ணு வாழாவெட்டின்னு ஊரே பேசும். உன்ற ஊட்டுக்காரரு இருந்தா என்ன செஞ்சிருப்பாரோ அதத்தான் நாஞ் சொல்றேன்."

தாரணி எங்களுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "உனக்கு என்ன கண்ணு, சரிதான?" என்றார் அண்ணன். "சரிங்க மாமா" என்றாள். அவளே சரி என்ற பிறகு நான் என்ன சொல்ல? மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. என் பெண் வாழ்க்கை இந்தத் தீபாவளியோடு சரியாகிவிட வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காலையில் வீடு கழுவி, கிரைண்டர், ஃப்ரிட்ஜ், ஸ்கூட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். கை பழக்கத்தில் தொட்டிக்கும் மூன்று பொட்டு வைத்துவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சாம்பிராணியும் போட்டேன். நாக தேவதைதானே என்று தொட்டிப் பக்கம் நின்று நன்றாகவே விசிறினேன்.

புகை உள்ளே போனதும் துரைக்கு வெறி பிடித்துவிட்டது. வலைக்கம்பியில் வந்து வந்து மோதியது. மூக்கு நுனியில் ரத்தம். தாரணி ஓடிவந்து, ஒற்றைக் கையால் சாம்பிராணிக் கரண்டியைப் பிடுங்கி முற்றத்தில் வீசினாள்.

"அதுக்கு வெளிய போக வழி இல்லம்மா! நமக்குன்னா கதவத் தெறந்துட்டு ஓடலாம். அது எங்கம்மா ஓடும்?"

அப்படி ஒரு அழுகை. நல்ல நாளில் ஏன் இப்படி அழுகிறாய் என்று நானும் கத்திவிட்டேன். பிறகு இரண்டு பேரும் ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துவிட்டு, ஃபேனைப் போட்டு, பொரிகடலை தின்றபடி உட்கார்ந்திருந்தோம். பெரிய பாவம் செய்த மாதிரி இருக்கிறது எனக்கு.

அக்டோபர் 3, வெள்ளி

கடி வாங்கினேன். சேஃப்டி பின் குத்திய அளவுதான். இரண்டு பொட்டு ரத்தம்.

காலையில் கையை உள்ளே வைத்து அசையாமல் இருக்கும் பயிற்சி. கையை மேலிருந்து கொண்டுபோகக் கூடாது, பக்கவாட்டில் தாழ்வாகக் கொண்டுபோக வேண்டும். "மேல இருந்து வர்றதெல்லாம் அதுக்குப் பருந்தும்மா" என்றாள். வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். கடித்தது.

"கைய உதறாத! உதறுனா, கடிச்சாதான் தப்பிக்க முடியும்னு கத்துக்கும்."

உதறவில்லை. அது விட்டுவிட்டு, கொஞ்சம் பின்னால் போய், நாக்கை நீட்டி நீட்டி என் விரலைப் பார்த்தது. கடித்ததற்கு நான் ஒன்றும் செய்யவில்லை என்பது அதற்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். எனக்கும்தான்.

அக்டோபர் 5, ஞாயிறு

அண்ணனும் நானும் பழத்தட்டத்தோடு போய் மாப்பிள்ளையை அழைத்துவிட்டு வந்தோம். தங்கமாகப் பேசினார். "நீங்க வரணுமா அத்தை, ஒரு போன் பண்ணுனா நானே ஓடி வரமாட்டனா?" என்றார். சம்பந்தியம்மாவும் குறை ஒன்றும் சொல்லவில்லை. தாரணிக்குக் கொஞ்சம் பிடிவாதம், போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். டீயும் மிக்ஸரும் சாப்பிட்டோம்.

கை கழுவ மாப்பிள்ளை அறை பாத்ரூமுக்குப் போனேன். தரையில் சொரசொரப்பான கருங்கல் பதித்திருக்கிறார்கள். மேலே ரப்பர் மேட். செருப்பில்லாமல் ஈரத்தில் நின்று பார்த்தேன், கால் நன்றாகப் பிடித்தது. கதவின் தாழ்ப்பாள் மட்டும் பெயர்ந்து தொங்குகிறது. தரையை இப்போது புதிதாக மாற்றியிருப்பார்கள்.

கல் இடுக்கில் பல வருடத்துப் பாசி இருந்தது.

அக்டோபர் 6, திங்கள்

கால் வீக்கம். எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 9, வியாழன்

கடையில் தீபாவளிக் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. உட்கார நேரமில்லை. மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.

டீ குடிக்கும்போது என்னோடு கவுண்டரில் நிற்கும் பானுமதி, "அக்கா, உங்க மாப்ள வீடியோ போட்ருக்காருங்க, பாத்தீங்களா? எத்தன ஆயிரம் பேரு பாத்துருக்காங்க!" என்று போனைக் காட்டினாள். பழைய வீடியோ. கண்ணாடிப் பெட்டிக்குள் துரை. இன்னும் சின்னதாக. மாப்பிள்ளை விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டுகிறார், டக் டக், டக் டக். துரை சுருண்டு எழுந்து கண்ணாடியில் முட்டுகிறது. "பில்லாவுக்குக் கோவம் வந்துருச்சு டோய்!" மறுபடி தட்டல். மறுபடி முட்டல். களைத்துப்போய்த் தலையைக் கீழே போடும்வரை விடவில்லை. கடைசியில் கண்ணாடியில் பின்னால் நிற்கும் தாரணியின் முகம் தெரிந்தது. பானுமதி சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

விளையாட்டுப் பிள்ளை. அப்பா இல்லாமல் செல்லமாக வளர்ந்தவர்.

அந்த டக் டக் காதிலேயே இருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் பேனாவால் மேஜையைத் தட்டிக் கூப்பிட்டார். வெடுக்கென்று ஏதோ சொல்லிவிட்டேன். மேனேஜர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அக்டோபர் 11, சனி

துரையின் கண்ணில் நீலமாகப் பால் படர்ந்திருக்கிறது. தோல் உரிக்கும் முன் அப்படி ஆகுமாம். கண் சரியாகத் தெரியாத நாட்களில் பயம் இரண்டு மடங்காக இருக்கும், யாரும் தொந்தரவு செய்யக் கூடாதாம். துணியை இறக்கிவிட்டு, டிவி சத்தத்தையும் குறைத்தோம்.

தாரணியின் போன் மேஜையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. மாப்பிள்ளை பெயர். எடு என்றேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டாள். நானும் மறுபடி எடு என்று சொல்லவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

தாரணிக்கு மாவுக்கட்டு பிரித்தாயிற்று. கை இளைத்து வெளுத்துப் போயிருக்கிறது. டாக்டரம்மா என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகக் கொஞ்ச நேரம் பேசினார். என்ன பேசினார் என்றேன். "எக்சர்சைஸ் சொன்னாங்க" என்றாள். எக்சர்சைஸை நான் கேட்கக் கூடாதா?

கட்டுப் பிரித்தாயிற்று, இனி துரை உன் பாடு என்றேன். "இல்லம்மா, நீயே செய்யி. நீ பழகோணும்" என்றாள். தொட்டி கழுவுவது, எலியைச் சூடாக்குவது, எல்லாம் இன்னும் நான்தான். அவள் நாற்காலியில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு மேற்பார்வை. நல்ல பிழைப்பு.

அக்டோபர் 17, வெள்ளி

துரை நேற்றுச் சட்டையை உரித்துப் போட்டது, மூக்கிலிருந்து வால் வரை கிழியாமல் ஒரே உருவாக. இன்று காலை குளித்துவிட்டுக் கையை உள்ளே வைத்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைக்கு நேரமாகிறது என்று எடுத்துவிடப் பார்த்தேன். அப்போது வந்தது. முதலில் விரல் நுனியில் நாக்கு. பிறகு உள்ளங்கை. பிறகு மணிக்கட்டைச் சுற்றி, வளையலுக்கு மேல் ஏறி, முழங்கைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. ஜில்லென்று, கனமே இல்லாமல். வால் ஆடவில்லை.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாம்புக்கு அழுத முதல் தாய் நானாகத்தான் இருப்பேன்.

தாரணி கிட்டே வந்து நின்று பார்த்தாள். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. உடனே பரீட்சை வைக்க ஆரம்பித்துவிட்டாள். சாப்பிட்டு எத்தனை நாள் தொடக்கூடாது? ரெண்டு நாள். தண்ணி? தினமும் மாத்தணும். மூச்சு விடறப்ப சத்தம் வந்தா? டாக்டர்கிட்டப் போகணும். எந்த டாக்டர், எந்தத் தெரு, எல்லாம் ஒப்பித்தேன். "போதும்மா. உன்ற கைல இது நல்லா இருக்கும்" என்றாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

அதிரசம், முறுக்கு, ரவா லட்டு முடிந்தது. மாப்பிள்ளைக்கு மோதிரமும் வந்துவிட்டது. தலை தீபாவளிக்கு மோதிரம் போடுவது முறை. பட்டாசு அதிர்ச்சி தெரியாமல் இருக்கத் தொட்டிக்கு அடியில் மெத்தை மடித்துப் போட்டு, மேலே ஜமக்காளம் மூடினோம். தாரணி மாவு பிசைந்தாள், எண்ணெய்ச் சட்டியில் நின்றாள், எல்லாம் செய்தாள். நாளைக்கு அவர் வருவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று இருந்தது.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

மத்தியானமே எழுதிவிடுகிறேன். 

அண்ணன் காலையிலேயே மாப்பிள்ளையைக் காரில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எண்ணெய் வைத்தேன், குளித்தார், பட்டு வேட்டி கட்டினார். ராஜா மாதிரி இருந்தார். அண்ணன் மோதிரத்தைப் போட்டுவிட்டார். தாரணி நான் எடுத்துக் கொடுத்த அரக்குச் சேலையில் பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரும் என் காலில் விழுந்தார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இட்லி சாப்பிட்டுவிட்டு, "பில்லா எங்கத்த?" என்றார். நான் சொல்வதற்குள் ஜமக்காளத்தை உருவிவிட்டார். துரை சேலைத் துண்டின் மேல் சுருண்டு படுத்திருந்தது. புது ஆளைப் பார்த்தும் அசையவில்லை.

"என்னங்க அத்தை, சோறு போட்டுப் போட்டு சோம்பேறி ஆக்கிட்டீங்க? மாமா, இங்க பாருங்க இப்ப."

ஒரு கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மற்றக் கையில் நான் வாங்கிய மோதிரம். அந்த மோதிரத்தால் கண்ணாடியில் தட்டினார். டக் டக்.

துரை எழுந்தது. கழுத்தை வளைத்தது. வால் படபடத்தது. மறுபடி, டக் டக். கண்ணாடியில் வந்து முட்டியது. அண்ணன், "அட, ஆமாங்கோ!" என்று சிரித்தார். அவர் மேல் குற்றமில்லை, அவர் பாம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சமையலறைப் பக்கம் திரும்பினேன், தாரணியிடம் காப்பி கேட்க. அவள் ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் நின்றிருந்தாள். முதுகு சுவரோடு ஒட்டி, கண்ணை இறுக்கி மூடி, அந்த இளைத்த கை தலைக்கு மேல். ஹாலில் ஒவ்வொரு தட்டலுக்கும் அவள் தோள் தூக்கித் தூக்கிப் போட்டது. பாம்பு முட்டுவதற்கு ஒரு கணம் முன்னால் அவளுக்குத் தூக்கிப் போட்டது.

அங்கே யாரும் அவளைத் தொடவில்லை. யாரும் அவளைப் பார்க்கக்கூட இல்லை, என்னைத் தவிர.

எனக்கு அதன்பிறகு எல்லாம் நிதானமாகிவிட்டது. போய் வலைச் சட்டத்தைத் திறந்தேன். மாப்பிள்ளை ரெண்டடி பின்னால் போய், "அத்த, கடிச்சுரும், கடிச்சுரும்" என்றார். அவர் அதைக் கையில் எடுத்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கையை வைத்துக் காத்திருந்தேன். புறங்கையில் ஒரு கடி போட்டது. பரவாயில்லை. அப்புறம் ஏறிக்கொண்டது.

"இந்த ஊட்ல கண்ணாடியத் தட்டக் கூடாதுங்க மாப்ள."

"சும்மா வெளையாட்டுக்குத்தானுங்க அத்தை. இது பொறப்புலயே வெறி புடிச்சது."

"பொறப்புல இல்லீங்க. என்ற பொண்ணும் பொறப்புல இப்பிடி இல்லீங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். எங்கள் யாருக்கும் காட்டாத முகம் அது. சமையலறையைப் பார்த்து, "தாரணி" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "பையை எடு."

"அவ வரலீங்க" என்றேன். "நீங்க கெளம்புங்க."

"ஏ அம்மிணி, என்ன பேச்சு பேசற? நல்ல நாளும் அதுவுமா!" என்று அண்ணன் எழுந்தார். என்னை இழுத்து உட்கார வைத்திருப்பார். கையில் துரை இருந்ததால் கிட்டே வரவில்லை. "அண்ணா, அவரு கூட கார்ல போய் உட்டுட்டு வாங்க. வந்தபொறவு சொல்றேன். இப்பச் சொன்னா நான் கத்திருவேன்" என்றேன்.

மாப்பிள்ளை மோதிரத்தைக் கழற்றப் போனார்.

"அது உங்களுதுதானுங்க. போட்டுக்கங்க. பொண்ணு எனக்கு வேணும்."

கார் போனபிறகு கதவைத் தாழிட்டேன். தாரணி சந்திலிருந்து வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. நான் கூப்பிடவில்லை. சமையலறைத் தரையில், கொஞ்சம் தள்ளி, துரையோடு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவளே பேசினாள்.

"பாத்ரூம் கதவுலயும் அப்பிடித்தாம்மா தட்டுவாரு. மொதல்ல மெதுவா."

அதற்குமேல் அவள் சொன்னதை இங்கே எழுதமாட்டேன். தரை வழுக்கவில்லை. அது எனக்கு அக்டோபர் ஐந்தாம் தேதியே தெரியும்.

அக்டோபர் 21, செவ்வாய்

கடைக்கு லீவு சொன்னேன். அண்ணன் காலையில் வந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, செருப்பு மாட்டாமலே தெருமுனை வரை போய், திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறாராம். நாளைக்குப் போகிறோம்.

தாரணி அறையைப் பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில் சூட்கேஸ் தட்டுப்பட்டது. கனமாக இருந்தது. திறந்தேன். துணியெல்லாம் உள்ளே மடித்து அடுக்கியிருக்கிறது. பிரஷ், சீப்பு, கை வலிக்குத் தந்த தைலம் வரைக்கும்.

"எதுக்குடி இது?"

"போறதுக்கு எடுத்து வச்சது. முந்தாநேத்தே வச்சுட்டேன்."

"போறதாவா இருந்த?"

"நீயும் மாமாவும் தட்டத்தோட போய் அழைச்சுட்டு வந்தீங்களே. பொறவு போகாம?"

"அப்பறம் எதுக்குடி இங்க வந்த?"

தொட்டியைக் கண்ணால் காட்டினாள். "அத உடறதுக்குத்தான். அங்கயே இருந்தா கொன்னுருவாரும்மா. உன்கிட்ட உட்டா பொழச்சுக்கும்னு தெரியும். உன்ற கை பழகற வரைக்கும் இருந்துட்டுப் போலாம்னு இருந்தேன்."

நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பாம்பைக் கொண்டுவந்து விட இந்த வீட்டை நம்பியிருக்கிறாள். தன்னைக் கொண்டுவந்து விட நம்பவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எனக்குப் பாடம் சொன்னதெல்லாம், தான் திரும்பிப் போவதற்கு வேண்டிய ஏற்பாடு. நான் சீக்கிரம் கற்றுக்கொண்டேன் என்று பெருமைப்பட்டேன்.

அழுதேன். அவள் அழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெட்டியக் காலி பண்ணிரலாமா கண்ணு? நீ எடுத்து வைக்கறயா, நான் வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"நீயே வையிம்மா. எனக்குக் கை வலிக்குது" என்றாள்.

இங்கே வந்தபிறகு, வலிக்கிறது என்று அவள் சொல்வது இதுதான் முதல் தடவை.